எண்ணிக்கைக்குள் அடங்காத இழப்பு

தமிழ்ச் சொற்கள் உலக அறிவியல் பெயர்ப் பட்டியலில் இடம்பெறுவது அடிக்கடி நிகழ்வதன்று. 2016-ஆம் ஆண்டில் இரண்டு ஓணான் இனங்களுக்கு அந்தப் பேறு வாய்த்தது. ஒன்றின் பெயர் 'சிட்டானா விசிறி'. ஆண் ஓணான் தன் தொண்டைத் தோலை விரித்து மடக்கும் காட்சி பனையோலை விசிறியை நினைவூட்டியதால் வந்த பெயர் அது. மற்றொன்று 'சிட்டானா மருதம்நெய்தல்'. தென் தமிழகத்தில் வாழும் இந்த இனத்துக்குச் சங்க இலக்கியம் வகுத்த இரண்டு திணைகளே பெயராக அமைந்தன.

அவை புதிதாகத் தோன்றிய உயிர்கள் அல்ல. நம் ஊர்ப்புறங்களில், முட்புதர்களுக்கும் பாறைகளுக்கும் இடையே, தொன்றுதொட்டு ஓடித் திரிந்தவைதாம். ஆனால், பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே 1829-இல் புதுச்சேரியின் பெயரால் 'சிட்டானா பாண்டிசேரியானா' என்று பெயரிட்டதிலிருந்து, தென்னிந்தியாவின் விசிறித்தொண்டை ஓணான்கள் ஏறத்தாழ எல்லாமே அந்த ஒரே பெயருக்குள் அடக்கப்பட்டிருந்தன. 187 ஆண்டுகள் கழித்து, பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழுவினர் பல மாநிலங்களில் மாதிரிகளைத் திரட்டி, உடலமைப்போடு மரபணு வரிசைகளையும் ஒப்பிட்டபோது உண்மை வெளிப்பட்டது. ஓர் இனம் என்று கருதப்பட்டது பல இனங்களின் தொகுப்பு. அந்த ஒற்றை ஆய்வு மட்டும் ஒரு புதிய பேரினத்தையும் ஐந்து புதிய இனங்களையும் அடையாளம் காட்டியது.

இந்தச் செய்தியில் மகிழ்ச்சிக்கு இணையாக ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. 2016-க்கு முன்பு இந்த இனங்களுள் ஒன்று முற்றிலும் அழிந்து போயிருந்தால், அழிந்தது என்று குறித்துக்கொள்ளக்கூட நம்மிடம் ஒரு பெயர் இருந்திருக்காது. 'எங்கும் காணப்படும் சாதாரண ஓணான்' என்ற பொதுப்பெயரின் நிழலில் அந்த இழப்பு மறைந்து போயிருக்கும். இனத்துக்கே இந்த நிலை என்றால், ஓர் இனத்துக்குள் இருக்கும் தனித்தனிக் குழுக்களின் நிலையைச் சொல்லத் தேவையில்லை. அந்தக் குழுக்களின் கதையைப் படிக்க உதவும் கருவியே மரபணுக் குறிப்பான்கள்.

உலக நிலவரம்

ஊர்வனவற்றின் நிலை குறித்த விரிவான உலக மதிப்பீடு ஒன்று 2022-இல் 'நேச்சர்' இதழில் வெளியானது. 10,196 ஊர்வன இனங்களை ஆராய்ந்த அந்த மதிப்பீடு, அவற்றுள் 21.1 விழுக்காடு அழியும் ஆபத்தில் இருப்பதாகக் கூறியது. ஐந்தில் ஒன்றுக்கும் மேல். வேளாண் விரிவாக்கம், மரம் வெட்டுதல், நகரமயம், அயல் இனங்களின் ஊடுருவல் ஆகியவை முதன்மைக் காரணங்கள்.

பருவநிலை மாற்றம் இதனுடன் சேர்ந்துகொள்கிறது. மெக்சிகோவில் 1975-க்கும் 1995-க்கும் இடையே முள்செதில் ஓணான்கள் வாழ்ந்ததாகப் பதிவான 200 இடங்களுக்கு, 2006-க்குப் பின் ஆய்வாளர்கள் மீண்டும் சென்றனர். 12 விழுக்காடு இடங்களில் அவை இல்லாமல் போயிருந்தன. வாழிடம் அழிக்கப்படாத இடங்களிலும் இது நிகழ்ந்திருந்தது. வெயில் கடுமையானதால், இனப்பெருக்கக் காலத்தில் இரை தேடுவதற்குரிய நேரம் சுருங்கிப்போனதே காரணம் என்று 2010-இல் வெளியான அந்த ஆய்வு முடிவு செய்தது. வெயில் காயும் உயிர் என்று நாம் நினைக்கும் ஓணானுக்கும் வெப்பத்தில் ஓர் எல்லை உண்டு. இதே போக்கு நீடித்தால் 2080-க்குள் உலகின் பல்லி, ஓணான் இனங்களில் ஐந்தில் ஒரு பங்கு மறையக்கூடும் என்றும் அந்த ஆய்வு கணித்தது.

இத்தகைய ஆய்வுகளுக்கு அடிப்படை, முன்பு எங்கே எவை இருந்தன என்ற பதிவு. மெக்சிகோவில் அந்தப் பதிவு இருந்ததால் இழப்பு தெரிந்தது. பதிவு இல்லாத இடங்களில் இழப்பு அமைதியாக நடந்து முடிகிறது.

குறிப்பான் என்பது என்ன?

ஓர் உயிரின் மரபணுத் தொகுதி முழுவதையும் ஒரு பெருநூலாகக் கொண்டால், ஒவ்வொருவரிடமும் அந்நூலின் பிரதி ஒன்று உண்டு. பிரதிகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். சில பக்கங்களில் மட்டும் எழுத்து வேறுபாடுகள் காணப்படும். அந்தக் குறிப்பிட்ட பக்கங்களைத் தேர்ந்தெடுத்து ஒப்பிடுவதே குறிப்பான்களின் வேலை. ஓலைச்சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் பாட வேறுபாடுகளை வைத்து, எந்தச் சுவடி எதிலிருந்து படியெடுக்கப்பட்டது என்று கண்டறிந்ததைப் போன்ற பணி இது.

குறிப்பான்கள் பலவகை. தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வரும் மைட்டோகாண்ட்ரியா மரபணு, தாய்வழி மரபையும் இன வேறுபாட்டையும் காட்டும். ஒன்று முதல் ஆறு எழுத்துகள் வரை கொண்ட சிறு தொடர்கள் திரும்பத் திரும்ப வரும் பகுதிகளுக்கு மைக்ரோசாட்டிலைட் என்று பெயர். அந்தத் தொடர் எத்தனை முறை வருகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறுபடுவதால், தந்தை யார், உறவு எத்தகையது, ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்கு யார் வந்தார் என்பனவற்றை அது சொல்லும். மரபணுத் தொகுதி முழுவதும் ஆயிரக்கணக்கான இடங்களில் காணப்படும் ஒற்றை எழுத்து மாற்றங்களை ஒரே வேளையில் படிப்பது இன்றைய முறை.

இதற்காக உயிரைக் கொல்ல வேண்டியதில்லை. வால் நுனியில் ஒரு துணுக்கு, வாயின் உட்புறத்தைத் துடைத்த பஞ்சு, உரித்துப் போட்ட தோல், எச்சம் ஆகியவற்றில் ஒன்றே போதும். ஒரு வட்டாரத்தில் சில பத்து மாதிரிகள் கிடைத்தால் மூன்று வினாக்களுக்கு விடை தேடலாம். இங்கே எத்தனை இனங்கள் உள்ளன? ஒரு திட்டில் வாழும் குழுவுக்கும் அடுத்த திட்டில் வாழும் குழுவுக்கும் போக்குவரத்து இருக்கிறதா? இந்தக் குழுவிடம் எதிர்காலத்தைச் சமாளிக்கும் மரபுவளம் எஞ்சியிருக்கிறதா?

முதல் வினாவுக்கு இந்திய அறிவியலாளர்கள் அண்மை ஆண்டுகளில் சிறப்பாக விடை கண்டுவருகின்றனர். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் அதற்குக் கிழக்கே உள்ள குன்றுகளிலும் புதிய பல்லியினங்கள் ஆண்டுதோறும் விவரிக்கப்படுகின்றன. அடுத்த இரண்டு வினாக்களே காப்புக்கு உயிர்நாடி. அவற்றுக்கு அமெரிக்காவின் மிசௌரி மாநிலம் ஒரு பாடம் வைத்திருக்கிறது.

ஓசார்க் மலையின் பாடம்

மிசௌரியின் ஓசார்க் மலைப்பகுதியில் காடுகளுக்கு நடுவே வெயில் படும் பாறைத் திட்டுகள் உள்ளன. வறண்ட மேற்குப் பகுதியிலிருந்து பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன், தட்பவெப்பம் சூடாக இருந்த காலத்தில், கழுத்துப்பட்டை ஓணான்கள் அங்கு வந்து குடியேறின. திட்டுகளுக்கு இடையே இருந்த காடு அக்காலத்தில் அடர்ந்தது அல்ல. அவ்வப்போது பரவும் தரைத்தீ, அடிமரச் செடிகளை எரித்து அதைத் திறந்தவெளிக் காடாகவே வைத்திருந்தது. ஓணான்கள் திட்டுவிட்டுத் திட்டு சென்று வந்தன.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் காட்டுத்தீயைத் தடுப்பதே காட்டைக் காப்பது என்ற கொள்கை வலுப்பெற்றது. தீ நின்றது, செடார் மரங்கள் பாறைத் திட்டுகளில் ஏறின, இடைப்பட்ட காடு நெருங்கி நிழல் மண்டியது. திட்டுகளில் ஓணான்கள் தென்பட்டுக்கொண்டுதான் இருந்தன. கண்ணால் பார்ப்பவருக்குப் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மரபியலாளர் ஆலன் டெம்பிள்டன் குழுவினர் மரபணுக் குறிப்பான்களைக் கொண்டு பார்த்தபோது வேறொரு காட்சி தெரிந்தது. ஒரு திட்டில் வாழும் ஓணான்கள் ஒன்றுக்கொன்று மரபில் ஏறத்தாழ அச்செடுத்தாற்போல் இருந்தன. ஆனால், பக்கத்துத் திட்டில் இருப்பவை வேறாக இருந்தன. ஒவ்வொரு திட்டும் ஒரு தீவாகிவிட்டது என்பதற்கு அதுவே சான்று. அத்தகைய தீவில் ஒரு நோயோ வறட்சியோ வந்து கடைசி ஓணான் இறந்தால், வெளியிலிருந்து யாரும் வந்து அந்த இடத்தை நிரப்பப் போவதில்லை.

1984 முதல் 1989 வரை ஸ்டீகால் மலையின் சில திட்டுகளில் ஓணான்கள் மீண்டும் விடப்பட்டன. அவை அங்கேயே பெருகின. ஆனால் சில பத்து மீட்டர் தொலைவிலிருந்த அடுத்த திட்டுக்குக்கூடச் செல்லவில்லை. 1994-இல் திட்டுகளை மட்டுமல்லாமல் இடைப்பட்ட காட்டையும் சேர்த்துக் கட்டுப்பாட்டோடு எரித்தனர். அதன் பிறகு ஓணான்கள் வெளியேறிப் புதிய திட்டுகளில் குடியேறின. தனித்தனித் தீவுகள் மீண்டும் ஒரு வலைப்பின்னல் ஆயின. ஒரு நிலத்துக்குத் தீ பகையா நட்பா என்ற நெடுங்கால விவாதத்துக்கு, அந்த இடத்தைப் பொறுத்தவரை, ஓணானின் மரபணு ஒரு விடை தந்தது.

எண்ணிக்கை ஏமாற்றும்

தலைகளை எண்ணினால் போதாதா என்ற கேள்வி எழலாம். மகாராஷ்டிரத்தின் சால்கேவாடி பீடபூமி இதற்கு விடை சொல்கிறது. அங்கே காற்றாலைகள் நிற்கும் பகுதியையும் இல்லாத பகுதியையும் இந்திய அறிவியல் கழகத்தின் மரியா தாக்கர் குழுவினர் ஒப்பிட்டு, 2018-இல் முடிவுகளை வெளியிட்டனர். காற்றாலைப் பகுதியில் இரைகொல்லிப் பறவைகள் வெகுவாகக் குறைந்திருந்தன. அதனால் விசிறித்தொண்டை ஓணான்களின் அடர்த்தி பெருகியிருந்தது. ஆனால், அந்த ஓணான்கள் உடல் மெலிந்தும், நிறம் மங்கியும், ஆபத்தைக் கண்டு ஓடுவதில் தயக்கம் காட்டியும் இருந்தன.

எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் காற்றாலை ஓணானுக்கு நல்லது என்று எழுதியிருப்போம். உண்மையில் அங்கே ஓர் உணவுச் சங்கிலியின் மேற்கண்ணி அறுந்திருந்தது. அந்த ஆய்வுக்குரிய 'சாரடா சூப்பர்பா' என்ற ஓணான், 2016-இல்தான் தனி இனமாகப் பெயர் பெற்றது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பெயர் பெற்ற இரண்டே ஆண்டுகளில், அதன் வாழிடம் எவ்வளவு மாறிவிட்டது என்று எழுத வேண்டியதாயிற்று.

எண்ணிக்கைக்கும் மரபுவளத்துக்கும் இடையே இன்னோர் இடைவெளியும் உண்டு. 1,000 ஓணான்கள் இருந்தாலும் அவற்றில் இனப்பெருக்கத்தில் பங்கேற்பவை, அடுத்த தலைமுறைக்குத் தம் மரபை அளிப்பவை சிலவே. அறிவியலாளர்கள் 'பயனுறு தொகை' என்று கணக்கிடுவது இதைத்தான். நெடுங்காலத்துக்குத் தகவமைப்புத் திறன் குன்றாமலிருக்க இது 500-க்குக் குறையக்கூடாது என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவுகோல். பயனுறு தொகை பெரும்பாலும் மொத்த எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்கு அளவே என்பதால், 500 என்பது ஏறத்தாழ 5,000 உயிர்களைக் குறிக்கும். 2022 டிசம்பரில் ஏற்கப்பட்ட குன்மிங்-மாண்ட்ரியல் உலகப் பல்லுயிர்ச் சட்டகம் இந்த அளவுகோலைத் தன் முதன்மைக் குறியீடுகளுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. இந்தியாவும் அதில் ஓர் உறுப்பு நாடு.

குறிப்பான்களுக்கும் ஒரு வரம்பு உண்டு. எண்ணிக்கை சரிந்தவுடன் மரபுவளம் சரிந்துவிடாது. அரிய மரபு வடிவங்கள் முதலில் தொலையும். பொதுவான பன்மை பல தலைமுறைகள் கழித்தே குறையும். இன்று மரபணு ஆய்வில் நலமாகத் தோன்றும் குழு, நேற்று நிகழ்ந்த சரிவின் விளைவை நாளை காட்டக்கூடும். ஆகவே, ஒரு முறை எடுத்த மாதிரி போதாது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே இடத்தில் மீண்டும் எடுக்க வேண்டும். மருத்துவர் ஒரே ஒரு நாள் பார்த்த இரத்த அழுத்தத்தை வைத்து முடிவு செய்வதில்லை அல்லவா?

அறிந்தால் மீட்கலாம்

நோயறிந்தால் மருந்தும் உண்டு என்பதற்குச் சுவீடனின் தென்கோடியில் ஸ்மிகேஹுக் என்ற இடத்தில் வாழ்ந்த விரியன் பாம்புக் கூட்டம் சான்று. வயல்களால் சூழப்பட்டுத் தனிமைப்பட்ட அக்கூட்டத்தில் நெருங்கிய உறவுக்குள்ளேயே இனச்சேர்க்கை நிகழ்ந்து, குட்டிகள் இறந்தும் குறைபாட்டுடனும் பிறந்தன. 1992-இல் வேறோர் இடத்திலிருந்து 20 ஆண் பாம்புகள் கொண்டுவரப்பட்டு, நான்கு இனப்பெருக்கப் பருவங்கள் வரை அங்கே விடப்பட்டன. புது இரத்தம் கலந்தது. குட்டிகள் நலமாகப் பிறந்தன. சில ஆண்டுகளில் கூட்டம் மீண்டது.

ஆனால், எதையும் எதனோடும் கலந்துவிடலாம் என்று பொருளல்ல. தென் ஆஸ்திரேலியாவின் குள்ள நீலநாக்கு அரணை, 1959-க்குப் பின் காணப்படாமல் அழிந்துவிட்டதாகவே கருதப்பட்டது. 1992-இல் பர்ரா என்ற ஊருக்கு அருகே, வண்டியில் அடிபட்டு இறந்த ஒரு பழுப்புப் பாம்பின் வயிற்றில் அது கிடைத்தது. சிலந்திகள் தோண்டிக் கைவிட்ட வளைகளில் வாழும் இந்த அரணை, வளையை விட்டு வெகுதூரம் செல்வதில்லை. புல்வெளி உழப்பட்டு வயலானபோது சிறு சிறு குழுக்களாகச் சிதறிப்போயிற்று. மரபணுக் குறிப்பான்கள் இக்குழுக்களுக்கு இடையேயுள்ள வேறுபாட்டைக் காட்டின. வடக்கே வெப்பம் ஏறிவரும் நிலையில், ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020 முதல் அவற்றுள் சிலவற்றைத் தெற்கே குளிர்ந்த இடத்துக்கு மாற்றிப் பார்த்து வருகின்றனர். எந்தக் குழுவை எதனோடு சேர்ப்பது, எதைத் தனியே விடுவது என்று முடிவு செய்ய மரபணு அறிவு இன்றியமையாதது.

உடும்பும் கஞ்சிராவும்

நம் நாட்டில் மரபணுக் குறிப்பான்கள் வேறொரு களத்தில் ஏற்கெனவே பயன்படுகின்றன. அது நீதிமன்றம். இந்தியாவில் வாழும் நான்கு உடும்பு இனங்களும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. அதாவது, புலிக்கு உள்ள அதே சட்டப் பாதுகாப்பு. கஞ்சிராவின் முகத்தில் ஒரு காலத்தில் கட்டப்பட்டது உடும்புத் தோல்தான். சட்டம் வந்தபின் ஆட்டுத்தோலும் செயற்கைத் தோலும் அந்த இடத்தைப் பிடித்தன. கலை அழியவில்லை, பழக்கம் மாறியது.

ஆனால் கள்ளச்சந்தை மாறவில்லை. கறிக்காகவும், மருந்து என்ற நம்பிக்கையிலும் உடும்பு வேட்டையாடப்படுகிறது. 'ஹத்தா ஜோடி' என்ற பெயரில், அதிர்ஷ்டம் தரும் அரிய வேர் என்று இணையத்தில் விற்கப்பட்ட பொருள், உண்மையில் ஆண் உடும்பின் உலர்த்திய பிறப்புறுப்பு என்பது 2017-இல் பரவலாக அம்பலமானது. வேர் என்று வாதிடுபவரிடம் மைட்டோகாண்ட்ரியா மரபணுச் சோதனை முடிவை நீட்டினால் வாதம் முடிந்துவிடும். ஐதராபாத்தில் உள்ள அருகிவரும் உயிரினக் காப்பு ஆய்வகமும், டேராடூனில் உள்ள இந்திய வன உயிரின நிறுவனமும் இத்தகைய தடயவியல் சோதனைகளில் பல ஆண்டு அனுபவம் பெற்றவை.

எனினும், இன்றைய சோதனை பெரும்பாலும் 'இது என்ன?' என்ற கேள்வியோடு நின்றுவிடுகிறது. 'இது எங்கிருந்து வந்தது?' என்ற அடுத்த கேள்விக்கு நாடு தழுவிய மரபணு வரைபடம் வேண்டும். ஆப்பிரிக்க யானைகளின் சாணத்திலிருந்து அத்தகைய வரைபடத்தை சாமுவேல் வாசர் குழுவினர் உருவாக்கினர். பிடிபட்ட தந்தங்களை அதனோடு ஒப்பிட்டபோது, பெரும்பகுதி இரண்டே இரண்டு வட்டாரங்களிலிருந்து வந்தது தெரிந்தது. வேட்டை எங்கே நடக்கிறது என்று தெரிந்தால், காவலை எங்கே குவிப்பது என்பதும் தெரியும். உடும்புக்கும், ராஜஸ்தான், குஜராத் பாலைப்பகுதிகளில் எண்ணெய்க்காகக் கொல்லப்படும் முள்வால் ஓணானுக்கும் அப்படி ஒரு வரைபடம் இருந்தால், பிடிபடும் ஒவ்வொரு மூட்டையும் ஒரு துப்பாக மாறும்.

'தரிசு' என்னும் முத்திரை

வேட்டையைவிடப் பெரிய கேள்வி நிலம். விசிறித்தொண்டை ஓணான்களுக்கு அடர்ந்த காடு வாழிடமன்று. புல்லும் முட்புதரும் கற்களும் கலந்த திறந்தவெளியே அவற்றின் வீடு. நம் அரசு ஆவணங்களில் அத்தகைய நிலத்துக்கு வழங்கும் பெயர் தரிசு. இந்தியத் தரிசு நில வரைபட நூலின் 2019-ஆம் ஆண்டுப் பதிப்பு, நாட்டின் பரப்பில் 16.96 விழுக்காட்டைத் தரிசு என்று வகைப்படுத்துகிறது. புதர்நிலங்கள் அதில் ஒரு முக்கியப் பிரிவு. இயற்கையான திறந்தவெளிச் சூழல் அமைப்புகள் நாட்டின் பரப்பில் சுமார் 10 விழுக்காடு என்று எம்.டி.மதுசூதன், அபி தமீம் வனக் ஆகியோர் கணக்கிட்டுள்ளனர். அவற்றில் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் அடங்குவது 5 விழுக்காட்டுக்கும் குறைவு.

'தரிசு' என்று முத்திரை குத்தப்பட்ட நிலத்தை எதற்கும் கொடுக்கலாம் என்பது ஆட்சியியல் மரபாகிவிட்டது. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் ஏறத்தாழ 2,500 ஏக்கரில் எழுந்தது. இத்தகைய திட்டங்கள் இனியும் பெருகும், பெருகவும் வேண்டும். மெக்சிகோ ஓணான்களை விரட்டிய வெப்பத்தைக் குறைக்க, நிலக்கரியைக் கைவிடுவதைத் தவிர வேறு வழியில்லை. ஆனால், சூரிய மின் திட்டங்களும் காற்றாலைகளும் 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் வரம்புக்குள் வருவதில்லை. எந்த இடத்தில் அமைத்தால் பாதிப்பு குறைவு என்று கேட்கும் சட்டக் கடமையே எவருக்கும் இல்லை.

மரம் நடுதலுக்கும் இது பொருந்தும். தமிழகத்தின் வனப் பரப்பையும் மரப் பரப்பையும் 33 விழுக்காடாக உயர்த்தும் நோக்குடன் 2022-இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கப்பட்டது. நல்ல நோக்கம். ஊர்ச் சாலைகளிலும் வயல் வரப்புகளிலும் அழிந்த காடுகளிலும் நடப்படும் மரம் வரமே. ஆனால், இயல்பிலேயே மரம் குறைந்த புதர்நிலத்தில் நெருக்கமாக நடப்படும் மரம், ஓசார்க் மலையின் செடார் செய்ததையே இங்கும் செய்யக்கூடும். தென் மாவட்டங்களின் திறந்தவெளிகளில் படர்ந்துவிட்ட சீமைக்கருவேலம் அந்த வேலையை ஏற்கெனவே செய்துவிட்டதா? நம் விசிறி ஓணான்களும் தீவுகளாகிக் கொண்டிருக்கின்றனவா? மேட்டிலும் பள்ளத்திலும் சில நூறு வால்நுனித் துணுக்குகளைச் சேகரித்தால் பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வி இது.

செலவுக்கு மதிப்புண்டா?

புலிக்கும் யானைக்குமே நிதி போதாதபோது ஓணானுக்கு ஆய்வா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு காலத்தில் அது நியாயமான கேள்வி. முதல் மனித மரபணுத் தொகுதியைப் படிக்கும் திட்டத்துக்குச் சுமார் 270 கோடி டாலர் செலவானது. இன்று ஒருவரின் தொகுதியை 1,000 டாலருக்கும் குறைவாகப் படித்துவிடலாம். ஓணானுக்கு முழுத் தொகுதியும் தேவையில்லை, குறிப்பான்கள் போதும். நான்காண்டுகளுக்கு ஒருமுறை நாடு முழுவதும் புலிகளைக் கணக்கெடுக்கும் அமைப்பையும் ஆற்றலையும் வளர்த்துக்கொண்ட நாட்டுக்கு இது எட்டாத செயலன்று.

இன்னொரு வாதம் கனமானது. மரபணுவைப் படித்துக்கொண்டே இருந்தால் நிலம் மிஞ்சுமா என்பது அது. மிஞ்சாது. நிலத்தைக் காக்காத மரபணு ஆய்வு, இரங்கற்குறிப்புக்கு விவரம் திரட்டுவதற்கு ஒப்பாகும். ஆனால், எல்லா நிலத்தையும் காக்க முடியாத நாட்டில் எந்த நிலத்தை முதலில் காப்பது என்ற தேர்வு தவிர்க்க முடியாதது. அந்தத் தேர்வைக் குருட்டாம்போக்கில் செய்யாமல் இருக்கவே இந்த அறிவு வேண்டும்.

செய்ய வேண்டியவை தெளிவாகவே உள்ளன. முதலாவது, அருங்காட்சியகங்களிலும் ஆய்வு நிறுவனங்களிலும் உள்ள பழைய மாதிரிகளோடு தொடங்கி, நம் ஊர்வனவற்றுக்கு ஒரு பொது மரபணு ஆதார நூலகத்தை உருவாக்க வேண்டும். பழைய மாதிரிகள் தரும் அடிப்படையில்தான் இன்றைய குறைவை அளக்க முடியும். இரண்டாவது, பெரும் பரப்பிலான புதர்நிலத்தை வேறு பயனுக்கு மாற்றும் முன், எளிய உயிரினக் கணக்கெடுப்பும் மரபணு மாதிரிச் சேகரிப்பும் கட்டாயமாக வேண்டும். மூன்றாவது, தகுதியுள்ள பல்கலைக்கழகங்களுக்கு ஆராய்ச்சி அனுமதி குறித்த காலத்துக்குள் கிடைக்க வேண்டும். ஆய்வாளரின் ஓராண்டு, அனுமதிக் கோப்பிலேயே கழிந்துவிடக் கூடாது.

நான்காவது, 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின்படி உள்ளாட்சிகளில் அமைக்கப்பட்ட மேலாண்மைக் குழுக்களும், அவை தயாரிக்க வேண்டிய மக்கள் பல்லுயிர்ப் பதிவேடுகளும் உயிர்பெற வேண்டும். எந்தக் கரட்டில் எந்த ஓணான் எப்போது தொண்டையை விரிக்கிறது என்பது ஆய்வகத்துக்குத் தெரியும் முன்பே ஆடு மேய்ப்பவருக்குத் தெரியும். 2024 அக்டோபரில் கொலம்பியாவின் காலி நகரில் நடந்த மாநாட்டில், 23 இலக்குகளைக் கொண்ட தேசியப் பல்லுயிர்ச் செயல்திட்டத்தை இந்தியா வெளியிட்டது. அந்தத் திட்டத்துக்கு மண்ணில் கால் ஊன்ற இடம் தருவது இத்தகைய சிறு பணிகளே.

மருதமும் நெய்தலும் இலக்கியத்தில் வெறும் நிலப்பெயர்கள் அல்ல. ஒவ்வொரு திணைக்கும் உரிய பறவை, விலங்கு, மரம், பூ என்று கருப்பொருள்களை வரிசைப்படுத்திய மரபு நம்முடையது. நிலத்தை உயிர்களோடு சேர்த்தே பார்த்த அந்தப் பார்வையை மதித்துத்தான் ஓர் ஓணானுக்கு அறிவியலாளர்கள் அப்பெயரைச் சூட்டினர். அதே ஓணான் வாழும் மண்ணை நம் ஆவணங்கள் இன்னும் 'தரிசு' என்று எழுதிக்கொண்டிருக்கின்றன. பெயரை மாற்ற ஓர் அரசாணை போதும். அங்கே எஞ்சியிருப்பது எவ்வளவு என்று அறிய, அவை இருக்கும்போதே மாதிரிகளை எடுத்து வைத்திருக்க வேண்டும்.